வோக்ஸ்வேகன் பீட்டில் கார் எஞ்சின் கேஸ் (எஞ்சினின் வெளிக்கூடு) கடைய மட்டக்களப்புப் பக்கம் யாரும் இருக்கிறார்களா?
அண்ணன்மார், தம்பிமார், ஒரு உதவி வேணும். அப்பா ஓடின 1968 பீட்டிலின் 1285 சிசி எஞ்சினைப் பிரித்துவிட்டேன். 69 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக் (பிஸ்டன் போய்வரும் தூரம்) கிராங்கை அப்படியே வைத்து, 90.5 மில்லிமீட்டர் பிஸ்டன் போட்டு 1776 சிசி ஆக்க ஆசை. அதற்குக் கேஸிலும், சிலிண்டரை மூடும் ஹெட்டிலும் சிலிண்டர் உட்காரும் வாயைப் பெருப்பிக்க வேண்டும். கேஸ் மக்னீசியக் கலவை, கடையும்போது சீவல் தீப்பிடிக்கும். பழக்கமான லேத்காரர் கல்முனை, மட்டக்களப்பில் இருக்கிறாரா, இல்லை கொழும்புக்குத்தான் கொண்டுபோகணுமா?

பெரிய கவலை சூடுதான். எஞ்சினைக் குளிர்விக்கக் காற்றடிக்கும் பழைய ஃபேன் கூட்டுக்குள்ளேயே ஒயில் கூலர் நிற்பதால் மூன்றாம் சிலிண்டருக்குக் குளிர்ந்த காற்று ஒழுங்காகப் போகாது. எங்கள் வெயிலுக்கு அது சரிவராது. கூலரைப் பின்னுக்குத் தள்ளி வைத்த, 1971க்குப் பிந்திய கூடு யாரிடமாவது இருந்தால் விலையைச் சொல்லுங்கள். பழையதென்றாலும் பரவாயில்லை, தகரம் உக்காமல் இருந்தால் போதும்.