வேலூர்ல யூராலஜி டாக்டர் பத்தி விவரம் வேணும்

வணக்கம். அப்பாவுக்கு 68 வயசு, குடியாத்தம். சிறுநீர் மெல்லிசா, விட்டு விட்டுப் போகுது. ராத்திரி நாலஞ்சு தடவை எழுந்திருக்கிறார். ப்ராஸ்டேட்டா இருக்கும்னு யூராலஜி பார்க்கச் சொல்லியிருக்காங்க.

மூணு நாள் கணக்கு எழுதியாச்சு: குடிச்ச தண்ணி, போன நேரம், மில்லி அளவு. மாத்திரை அட்டைகளையும் எடுத்து வச்சாச்சு. ஆஸ்பிரின் போடறார், அதை நாமளா நிறுத்தக் கூடாது. பிஎஸ்ஏ (ப்ராஸ்டேட்டுக்கான ரத்த டெஸ்ட்) மட்டும் இன்னும் எடுக்கலை. சிறுநீர்ல கிருமி இருந்தா அது சும்மாவே ஏறிக் காட்டும், அதனால முதல்ல கல்ச்சர் (சிறுநீர்ல கிருமி இருக்கான்னு பார்க்கற டெஸ்ட்).

தெரிஞ்சவங்க சொல்லுங்க:

சி.எம்.சி.யில் இதுக்கு டவுன் ஆஸ்பத்திரியா, ராணிப்பேட்டை கேம்பஸா? ஜெனரல்ல (பிரைவேட் இல்லாம) போட்டா எத்தனை நாள்ல டேட் கிடைக்குது?

யூரோஃப்ளோ (சிறுநீர் போற வேகத்தை அளக்கற டெஸ்ட்) அன்னைக்கே எடுப்பாங்களா? 150 மில்லியாவது போனாத்தான் அந்த ரிசல்ட்டை நம்பலாம். பஸ்ல அவ்வளவு நேரம் அடக்க முடியாது, அங்க போய்த் தண்ணி குடிச்சுட்டுக் காத்திருக்க விடுவாங்களா?

ஆபரேஷன்னா டியூஆர்பி (சிறுநீர்க் குழாய் வழியா ப்ராஸ்டேட்டைச் சுரண்டி எடுக்கறது), லேசர் ரெண்டும் செய்யற டாக்டர் யார்? ஒண்ணு மட்டும் செய்யறவர் அதையேதான் சொல்வார். ஸ்டார் ரேட்டிங் வேண்டாம், காட்டினவங்க சொன்னா போதும்.