நடைமுறையில் விமானிகள் எத்தனை முறை ஹோல்டிங்கில் சுற்றுகிறார்கள்?

புளியரை மாணவன் (கேள்வி):
வணக்கம். செங்கோட்டையை அடுத்த புளியரை என் ஊர். வணிக விமானி உரிமத்துக்கான பயிற்சியில் இப்போது இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங் (வெளியே பார்க்காமல் கருவிகளைக் கொண்டே பறப்பதற்கான தகுதி) கட்டத்தில் இருக்கிறேன். சிமுலேட்டர் வகுப்புகளில் பெரும்பகுதி ஹோல்டிங்கிலேயே, அதாவது மேற்கொண்டு செல்ல அனுமதி கிடைக்கும்வரை வானில் ஓரிடத்தில் வட்டமடித்துக் காத்திருக்கும் பயிற்சியிலேயே, கழிகிறது. வி.ஓ.ஆர். என்ற தரை ரேடியோ வழிகாட்டி நிலையத்தை எந்தத் திசையிலிருந்து நெருங்குகிறோம் என்று பார்த்து டைரக்ட், பேரலல், டியர்டிராப் ஆகிய மூன்றில் வட்டத்துக்குள் நுழையும் ஒரு முறையைத் தேர்ந்தெடுப்பதும், நிலையத்தை நோக்கி வரும் இன்பவுண்ட் லெக் சரியாக ஒரு நிமிடம் வரும்படி காற்றுக்கேற்ப, விலகிச் செல்லும் அவுட்பவுண்ட் நேரத்தைக் கூட்டிக் குறைப்பதும் இன்னும் எனக்குக் கடினமாகவே இருக்கின்றன. பணியில் இருக்கும் விமானிகள் உண்மையில் எவ்வளவு அடிக்கடி இதைச் செய்கிறார்கள்? தேர்வோடு முடிந்துவிடும் பாடமா இது?

வாளையார் கேப்டன்:
தம்பி, நான் ஏ320 பயணிகள் விமானம் ஓட்டுகிறேன்; கொச்சி, கோவை, சென்னை, திருவனந்தபுரம் ஆகியவை அடிக்கடி போய்வரும் தடங்கள். மாதக்கணக்கில் ஒரு ஹோல்டிங்கும் இல்லாமல் போவதுண்டு. ஜூன் மாதம் பிறந்து தென்மேற்குப் பருவமழை இறங்கிவிட்டால் ஒரே வாரத்தில் அடுத்தடுத்து வருவதும் உண்டு. ஆகவே, சராசரி சொல்வதைவிட எங்கே, எப்போது என்று சொல்வதே சரியாக இருக்கும்.

கொச்சியில் கடலிலிருந்து ஒரு மழைமேகம் ரன்வேயின் மேல் ஏறிவந்தால் பார்வைத் தூரம் சட்டென்று விழுந்துவிடும். ஆனால் அந்த மேகம் பெரும்பாலும் சிறிது நேரத்தில் நகர்ந்துவிடும் என்பதால் காத்திருப்பதில் பொருள் இருக்கிறது. சென்னையில் போகியன்று விடியற்காலையில் புகையும் பனியும் கலந்து நிற்கும்போது நிலைமை வேறு; வெயில் ஏறும்வரை அது கலையாது என்று தெரிந்தும் மேலே சுற்றிக்கொண்டிருப்பது எரிபொருளை வீணாக்குவதே. காத்திருந்தால் தீருகிற காரணமா என்பதைத்தான் ஹோல்டிங் என்ற சொல் காதில் விழுந்ததும் நான் முதலில் யோசிக்கிறேன்.

நுழைவு முறையை இன்று எஃப்.எம்.எஸ். என்ற விமானக் கணினி கணித்துவிடுகிறது, ஆட்டோபைலட் சுற்றிவிடுகிறது. எங்கள் கை வேறிடத்தில் இருக்கும். மேற்கொண்டு அனுமதி எத்தனை மணிக்குக் கிடைக்கும் என்று கட்டுப்பாட்டாளர் சொன்ன நேரத்தைக் குறித்துக்கொண்டு, கையிருப்பு எரிபொருளிலிருந்து, கொச்சியில் இறங்க முடியாவிட்டால் மாற்று நிலையமான கோவைக்குப் போகத் தேவையானதையும், அங்கே 1,500 அடி உயரத்தில் முப்பது நிமிடம் பறப்பதற்கான இறுதி இருப்பையும் கழித்து, எத்தனை மணிக்கு இங்கிருந்து கிளம்பியே ஆக வேண்டும் என்பதைத் துணை விமானியுடன் பேசி முடிவுசெய்கிறோம். ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய நான்கு நிமிடம். எங்கள் விமானம் அதற்குள் சுமார் 150 கிலோ எரிபொருளைக் குடித்துவிடும். கேரளக் கரை முழுவதும் நனைந்து கிடக்கும் நாளில்கூட மலைக்குக் கிழக்கே கோவை பெரும்பாலும் திறந்திருப்பது எங்களுக்குப் பெரிய ஆறுதல்.

ஆரம்பாக்கம் பெரியவர்:
கட்டுப்பாட்டு அறையில் பணிபுரிந்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் மறுபக்கத்தைச் சொல்கிறேன். ஹோல்டிங் கொடுப்பதைக் கட்டுப்பாட்டாளரும் விரும்புவதில்லை. ஒவ்வொரு விமானத்தையும் ஆயிரம் அடி இடைவெளியில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, கீழே இருப்பதை வெளியே எடுத்ததும் மற்றவற்றை ஒவ்வொரு படியாக இறக்க வேண்டியிருப்பதால் வேலைப்பளு கூடிவிடுகிறது. ஆகவே முதலில் வேகத்தைக் குறைக்கச் சொல்வோம், பிறகு ரேடார் வழிகாட்டலில் பாதையைச் சற்று நீட்டுவோம். நெரிசல் முன்கூட்டியே தெரிந்தால் புறப்படும் ஊரிலேயே விமானத்தைத் தரையில் நிறுத்திவைப்பார்கள். லண்டன் ஹீத்ரோ இதற்கு விலக்கு. அங்கே போவிங்டன், லேம்போர்ன், ஆக்கம், பிகின் என்ற நான்கு இடங்களில் விமானங்களை அடுக்கிவைத்து இறக்குவது அன்றாட நடைமுறை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். திருவனந்தபுரத்தில் பத்மநாபசுவாமி கோயில் ஆராட்டு ஊர்வலம் ரன்வேயைக் கடந்து கடலுக்குப் போவதற்காக ஆண்டுக்கு இருமுறை விமான நிலையத்தைச் சில மணி நேரம் மூடுகிறார்கள். அதற்காக யாரும் வானில் வட்டமடிப்பதில்லை. நோட்டம் (NOTAM) எனப்படும் விமானிகளுக்கான அறிவிப்பு முன்பே வந்துவிடும், நிறுவனங்கள் நேரத்தை மாற்றிக்கொள்ளும். சக்கரம் வெடித்து ஒரு விமானம் ரன்வேயிலேயே நின்றுவிட்டால்தான் வந்துகொண்டிருப்பவர்களை நிறுத்திவைக்க எங்களுக்கு வேறு வழி இருக்காது.

களியக்காவிளை ராஜன்:
அமெரிக்காவில் சிறு விமானம் ஓட்டும் அனுபவத்திலிருந்து சுருக்கமாக. இங்கே ரேடார் வழிகாட்டல் இல்லாத சிற்றூர் நிலையங்களின் அப்ரோச் (ரன்வேயை நெருங்கி இறங்கும் பாதை) வரைபடங்களில் திரும்பி வருவதற்கான வளைவுக்குப் பதிலாக ஹோல்டிங் வட்டமே தரப்பட்டிருக்கும். ஒரு சுற்று சுற்றி உள்ளே போவோம். அந்த வகையில் இது எனக்குப் பழகிய ஒன்று. தாமதத்துக்காகக் காத்திருந்தது மிக அரிது. ஆனால் இன்ஸ்ட்ருமென்ட் தகுதி காலாவதியாகாமல் இருக்க, ஆறு மாதத்துக்குள் ஆறு அப்ரோச்சுகளோடு ஹோல்டிங்கும் செய்திருக்க வேண்டும் என்பது இங்குள்ள விதி.

புளியரை மாணவன்:
அனைவருக்கும் நன்றி. எஃப்.எம்.எஸ். எல்லாவற்றையும் செய்யும்போது கையால் கணித்துப் பழகுவது எதற்கு என்பது மட்டும் இன்னும் விளங்கவில்லை, கேப்டன்.

வாளையார் கேப்டன்:
நுழைவும் நேரக் கணக்கும் கையோடு வந்துவிட்டால்தான், தம்பி, மனம் எரிபொருளின் மேல் நிற்கும். 1990 ஜனவரி 25 அன்று நியூயார்க் நோக்கி வந்த ஏவியான்கா 52, மூன்று இடங்களில் மொத்தம் ஒரு மணி 17 நிமிடம் ஹோல்டிங்கில் வைக்கப்பட்டது. எரிபொருள் தீர்ந்து அது விழுந்ததில் 73 பேர் இறந்தார்கள். முன்னுரிமை வேண்டும் என்றார்களே தவிர, அவசர நிலை என்று அந்த விமானிகள் கடைசிவரை அறிவிக்கவில்லை. இன்று 'மினிமம் ஃப்யூயல்' (இனித் தாமதம் தாங்காது), 'மேடே ஃப்யூயல்' (எரிபொருள் அவசர நிலை) என்று எப்போது எதைச் சொல்ல வேண்டும் என்பது வரையறுக்கப்பட்டிருக்கிறது.

ஆகவே அடுத்த வகுப்பில் பயிற்றுநரிடம் ஒன்று கேளுங்கள். எரிபொருள் அளவைக் குறிப்பிட்டுக் கொடுக்கச் சொல்லுங்கள். நீங்கள் சுற்றிக்கொண்டிருக்கும்போதே அனுமதி நேரத்தை இரண்டு முறை தள்ளிப்போடச் சொல்லுங்கள். எந்தச் சுற்றோடு கிளம்புகிறீர்கள் என்பதை அவரிடம் வாய்விட்டுச் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.