நாமே போய் பேக்கேஜ் (வேலையை விட்டுப் போகிறவருக்குக் கம்பெனி தரும் தொகை) கேட்கலாமா?

கேள்வி (மார்த்தாண்டம்): திருவனந்தபுரம் டெக்னோபார்க்கில் (ஐ.டி. பூங்கா) 11 வருட சர்வீஸ். ஆள்குறைப்பு நடக்கிறது, என் பெயர் பட்டியலில் இல்லை. எனக்கோ போகத்தான் ஆசை. அப்பாவின் ரப்பர் தோட்டத்தைப் பார்க்க ஆளில்லை. நானே கேட்கலாமா?

பதில் (நாகர்கோவில்): தாராளமாகக் கேளு தம்பி. ஆனால் ராஜினாமா கடிதத்தை மட்டும் முதலில் கொடுத்துவிடாதே. கொடுத்தால் பேக்கேஜ் தர வேண்டிய அவசியம் அவர்களுக்கு இல்லை. "ஒருவரைக் குறைக்கணும்னா நான் தயார்" என்று பேசி, தொகையை எழுத்தில் வாங்கு. கிராஜுவிட்டி (பணிக்கொடை) தனி: கடைசி அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்த்து 26-ஆல் வகுத்து, 15-ஆலும் 11-ஆலும் பெருக்கு. அது உன் உரிமை. பேக்கேஜுக்குள் அதைச் சேர்த்துக் காட்டினால் விடாதே.

பதில் (தக்கலை): அப்பா கம்பெனி மருத்துவக் காப்பீட்டில் இருக்கிறாரா? பெரும்பாலும் கடைசி நாளோடு அது நின்றுவிடும்.

கேட்டவர்: இருக்கிறார் அக்கா. அதையும் பேசுகிறேன். நன்றி அண்ணா.