மூக்கு ஆதாரம் ஆகாதா? எண்ணூர்க் காற்றும் 24 மணி நேரச் சராசரியும்

எர்ணாவூர்க்காரன்:
நேற்று இங்கே ஒருவர் எழுதியதைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. "மூக்கை வைத்துக் கொள்கை வகுக்க முடியாது, அளவீடுதான் ஆதாரம், வட சென்னை எண்ணூரில் கந்தக டை ஆக்சைடு, அதாவது நிலக்கரி எரியும்போது வரும் நெடி வாயு, வரம்புக்குள்தான் இருக்கிறது" என்கிறார். ஐயா, அந்த வரம்பு 2009இல் அறிவித்தது, கன மீட்டருக்கு 80 மைக்ரோகிராம், அதுவும் 24 மணி நேரச் சராசரி. எங்கள் தெருவில் நெடி வருவது ராத்திரி 2 மணிக்கு. இரண்டு மணி நேரம் 500 வந்து மிச்ச 22 மணி நேரமும் 20 இருந்தால் சராசரி 60தான். தாளில் எல்லாம் சரி, பிள்ளைக்கு மட்டும் மூச்சு வாங்கும்.

அளவுகோல்:
எழுதியது நான்தான். அந்த 500ஐ எந்தக் கருவி காட்டியது?

எர்ணாவூர்க்காரன்:
கணக்கு புரிவதற்குச் சொன்ன எண் அது.

அளவுகோல்:
அப்போ கருவி காட்டவில்லை. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத் தளத்தில் 15 நிமிடத்துக்கு ஒரு அளவு கிடைக்கிறது. எடுத்துப் பார்த்துவிட்டு வாங்க.

எர்ணாவூர்க்காரன்:
எடுத்துப் பார்த்து? எவ்வளவு ஏறியிருந்தாலும், மீறினார்கள் என்று சொல்ல ஒரு விதி வேண்டாமா? உலக சுகாதார அமைப்பு இந்த வாயுவுக்கு 10 நிமிட அளவு 500 என்று வைத்திருக்கிறது. நம் பட்டியலில் 24 மணி நேரம், ஆண்டு, இரண்டுதான். சராசரியையே கேட்டால் சராசரிதான் பதிலாக வரும். 2023 டிசம்பர் 26 நள்ளிரவு எண்ணூர் பெரியகுப்பத்தில் உர ஆலைக் குழாயிலிருந்து அமோனியா கசிந்ததே, குழாயை அடைக்கச் சுமார் 20 நிமிடம்தான் ஆனது, அதற்குள் ஜனம் வீட்டை விட்டு ஓடியது. அமோனியா வரம்பு 400, அதுவும் 24 மணி நேரத்துக்கு!

வலைக்காரன்:
எர்ணாவூர் அண்ணன் சொல்வது சரி. இன்னொன்றும் இருக்கு. ராத்திரியில் காற்று கரையிலிருந்து கடல் பக்கம் போகும். கரையிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிற மணலியில் அளக்கும் கருவி வைத்தால், மணலிக்குக் கிழக்கே எழும் புகை அதன் மேல் படாமலே கடலுக்குப் போய்விடும். கடலுக்குப் போகிற எவரைக் கேட்டாலும் சொல்வார்.

அளவுகோல்:
விபத்தையும் அன்றாடக் காற்றையும் குழப்பாதீர்கள். 500 எங்கே?

மாதவரம் வாத்தியார்:
தம்பி அளவுகோல், கொடுங்கையூர் குப்பை எரிஉலைப் பேச்சிலும் இப்படித்தான் ஒரே எண்ணைப் பிடித்துக்கொண்டு இரண்டு நாள் எல்லோரையும் அலைக்கழித்தீர்கள். தென் சென்னை வேளச்சேரியில் உட்கார்ந்துகொண்டு எங்களுக்குக் காற்றுப் பாடம் எடுக்கிறீர்கள்.

அளவுகோல்:
நான் பிறந்ததே தண்டையார்பேட்டை, சார். வீடு மாறினால் பேசக் கூடாதா? என் அப்பாவுக்கும் ஆஸ்துமாதான்.

மாதவரம் வாத்தியார்:
தண்டையார்பேட்டை என்றால் எந்தத் தெரு?

வலைக்காரன்:
தெருவை விடுங்க சார், விஷயத்துக்கு வாங்க.

எர்ணாவூர்க்காரன்:
விஷயம் இதுதான். அனல் மின் நிலையப் புகைக்கு 2015இல் விதி வந்தது, கெடு 2017. அதைத் தள்ளித் தள்ளி, 2025 ஜூலையில் பெரும்பாலான நிலையங்களுக்குக் கந்தகம் நீக்கும் கருவியே தேவையில்லை என்றாகிவிட்டது. சொன்ன காரணங்களில் ஒன்று, காற்றில் அளவு வரம்புக்குள் இருக்கிறதாம். எந்த வரம்பு? அதே 24 மணி நேரம்! சராசரிதான் கொள்கையை எழுதுகிறது.

அளவுகோல்:
ஐஐடி டெல்லி, நீரி (தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிறுவனம்) ஆய்வுகளையும் பார்த்துத்தான் முடிவெடுத்தார்கள். நம் நிலக்கரியில் கந்தகம் குறைவு. கருவி வைத்தால் தண்ணீரும் மின்சாரமும் கூடுதலாகச் செலவாகும். இதற்குப் பதில் இல்லை, நெடி நெடி என்கிறீர்கள்.

எர்ணாவூர்க்காரன்:
ராத்திரி 2 மணிக்கு எங்கள் மாடியில் காற்றை அளக்கும் கருவி ஒன்று வைக்கட்டும், செலவைப் பற்றி அப்புறம் பேசலாம்.

அளவுகோல்:
வைக்கட்டும், நானும் அதைத்தான் கேட்கிறேன். அதுவரை 500 என்று எழுதாதீர்கள்.

எர்ணாவூர்க்காரன்:
எழுதுவேன். உதாரணம் என்று மூன்று தடவை சொல்லியாச்சு.

மாதவரம் வாத்தியார்:
தெருப் பேர் இன்னும் வரவில்லை.