கொலோன் கார்னிவலில் புதிதாக வந்த மாணவி எங்கே, எப்படிக் கலந்துகொள்வது?

கேள்வி (முதுநிலை முதலாண்டு மாணவி)

அனைவருக்கும் வணக்கம். ஜெர்மனியின் கொலோன் நகருக்குப் படிக்க வந்து சில மாதங்களே ஆகின்றன. நவம்பர் 11 அன்று, வேடமிட்டு ஆடிப்பாடும் கார்னிவல் விழாவின் பருவம் காலை 11.11 மணிக்குத் தொடங்குவதை அறியாமல் சுல்பிஷர் தெருவுக்குள் சென்றுவிட்டேன். முன்னும் பின்னும் நகர முடியாத நெரிசலில் சிக்கிய அந்த அச்சம் இன்னும் விலகவில்லை. இப்போது பிப்ரவரியில் பெருவிழா நெருங்குகிறது. நான் மது அருந்துவதில்லை. இவர்கள் பாடும் கொல்ஷ் வட்டாரப் பேச்சும் எனக்குப் புரிவதில்லை. ஆனாலும் அறைக்குள் அடைந்து கிடக்க மனமில்லை. அனுபவமுள்ளவர்கள் வழி சொல்லுங்கள்.

மறுமொழி 1

தங்கைக்கு வணக்கம். நானும் முதல் ஆண்டில் உங்களைப் போலவே அஞ்சினேன். பெருவிழா வாரத்தில், பெண்கள் ஆண்களின் கழுத்துப்பட்டையை (டை) விளையாட்டாகக் கத்தரிக்கும் வியாழக்கிழமையன்று மாணவர்கள் கூடும் அந்தச் சுல்பிஷர் தெருப் பக்கம் போகவே வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை பள்ளிகளும் குடியிருப்புப் பகுதிகளும் சேர்ந்து நடத்தும் ஊர்வலத்துக்குப் போங்கள். குழந்தைகள் பல வாரங்கள் உழைத்துத் தாங்களே செய்த உடைகளில் நடந்து வருவார்கள். என் கண்ணுக்குத் திங்கட்கிழமைப் பெரும் ஊர்வலத்தைவிட இதுவே அழகு. "கமெல்லே!" (மிட்டாய்!) என்று குரல் கொடுத்தால் மிட்டாய் வந்து விழும், சில வேளை சிறு பூங்கொத்தும் கிடைக்கும். வாழ்த்தும்போது "ஆலாஃப்" என்று சொல்லுங்கள். "ஹெலாவ்" என்பது டியூசல்டார்ஃப் நகரத்தாரின் முழக்கம், அதை இங்கே யாரும் விரும்புவதில்லை.

வேடம் அணியாமல் நின்றால்தான் அந்நியமாக உணர்வீர்கள். துணித் துண்டுகளை அடுக்கடுக்காகத் தைத்த கோமாளி உடை இவ்வூரின் பழைய மரபு, கையாலேயே செய்துவிடலாம். குளிருக்காக உள்ளே இரண்டு அடுக்கு கம்பளி உடுத்திக்கொள்ளுங்கள். முகத்தில் கறுப்பு மை பூசுவது, பிற இனத்தாரின் உடையை வேடமாக்குவது ஆகியவற்றைத் தயவுசெய்து தவிர்த்துவிடுங்கள்; அவை பலரைப் புண்படுத்துகின்றன.

மறுமொழி 2

அக்கா சொன்னதோடு சிறிது வரலாறும் தெரிந்துகொண்டால் காண்பவை பொருள்படும். நகரம் பிரஷ்ய ஆட்சியில் இருந்த 1823இல்தான் விழாக்குழு அமைந்து, முதல் திங்கட்கிழமை ஊர்வலம் புறப்பட்டது. அதே ஆண்டு தோன்றிய 'சிவப்புப் பொறிகள்' அமைப்பினர் பழைய நகரக் காவற்படையின் உடையில், படைவீரர்களுக்குரிய மிடுக்கைக் கேலி செய்தபடி, முதுகோடு முதுகு உரசி ஆடுவார்கள். விழாவின் மூன்று தலைவர்கள் இளவரசன், உழவன், கன்னி. கன்னியாக ஆணே வேடமிடுவது வழக்கம். நாஜி ஆட்சியின் அழுத்தத்தால் 1938, 1939 ஆகிய இரு ஆண்டுகளில் மட்டும் பெண்கள் அந்த வேடமேற்றார்கள்.

நீங்கள் தவறவிடக் கூடாதது செவ்வாய் இரவு. மதுக்கடை வாசலில் தொங்கிய 'நுப்பல்' என்ற வைக்கோல் பொம்மையைத் தெருவுக்குக் கொண்டுவந்து, குடித்ததற்கும் செலவழித்ததற்கும் அதுவே காரணம் என்று குற்றம் சாட்டி, அழுது புலம்பி எரிப்பார்கள். எங்கள் தஞ்சைப் பக்கத்துக் காமன் பண்டிகையின் ஒப்பாரியை அங்கே நின்றபோது நினைத்துக்கொண்டேன், கண் கலங்கிவிட்டது. உங்கள் குடியிருப்பை ஒட்டிய சிறு மதுக்கடையில் இதைப் பாருங்கள். அங்கே கூட்டம் குறைவு, பழச்சாறு மட்டும் வாங்கினாலும் பக்கத்தில் நிற்பவர்கள் தோளைக் கோத்துப் பாட்டில் சேர்த்துக்கொள்வார்கள்.

கேட்டவர்

அக்காவுக்கும் அண்ணனுக்கும் மிக்க நன்றி. கோமாளி உடைக்காக இன்றே பழைய சுடிதார்களை எடுத்து வைத்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை ஊர்வலத்துக்கு என்னுடன் வர விரும்பும் மாணவியர் யாரேனும் இருந்தால் இங்கேயே எழுதுங்கள்.