புதுப்பிப்பு: பெண்ணுறுப்பு உதட்டில் சிரைக்கட்டி, எம்ஆர்ஐயில் தெரிந்தது என்ன

டர்பனிலிருந்து முன்பு கேட்டது: வயதுவந்த பெண், பெண்ணுறுப்பின் ஒரு பக்க உதட்டில் நீலம் பாரித்த மெத்தென்ற வீக்கம், நின்றால் பெருக்கும், படுத்தால் வடியும். (சிரைக்கட்டி என்பது சிரைகள் பிறவியிலேயே தாறுமாறாக உருவாகி ரத்தம் தேங்கும் வீக்கம், புற்றுநோய் அல்ல.) கூடவே 'மூலம்' என்று ஒதுக்கப்பட்ட வலியில்லாத ரத்தப்போக்கு. பதில் எழுதியவர்களுக்கு நன்றி.

"பயாப்ஸி (சதைத் துண்டு எடுத்துச் சோதிப்பது) வேண்டாம், இடுப்பு முழுக்க எம்ஆர்ஐ எடுங்கள்" என்ற யோசனைதான் கைகொடுத்தது. கொழுப்பை அடக்கிய டி2 படத்தில் (தேங்கிய திரவத்தை வெள்ளையாகக் காட்டும் எம்ஆர்ஐ வகை) வெள்ளையாகத் தெரிந்தது வெளி வீக்கத்தோடு நிற்கவில்லை, மலக்குடல் சுவர்வரை ஓடியிருந்தது. நடுவே கறுப்புப் புள்ளிகளாகச் சிரைக்கற்கள், அதாவது சிரைக்குள் உறைந்து சுண்ணாம்பாக இறுகிய ரத்தம். மூலம் என்று ரப்பர் வளையம் போட்டு (அடியை இறுக்கி உதிர வைக்கும் மூலச் சிகிச்சை) இருந்தால் ரத்தத்தை நிறுத்துவதே பெரும்பாடாகியிருக்கும். சிறுநீர்ப்பையில் ஒன்றுமில்லை.

எதிர்பாராதது ரத்தப் பரிசோதனை: டி-டைமர் (உறைவு கரையும்போது வரும் துணுக்கு) ஏகத்துக்கு உயர்வு, ஃபைப்ரினோஜென் (ரத்தம் உறையத் தேவையான புரதம்) குறைவு, தட்டணுக்கள் ஏறக்குறைய சரி. தேங்கிய ரத்தம் கட்டிக்குள்ளேயே உறைந்து கரைவதால் இப்படி. அதனால் உறைவைத் தடுக்கும் குறைந்த மூலக்கூறு எடை ஹெப்பாரின் கொடுத்து, ஃபைப்ரினோஜென் ஏறிய பிறகே கட்டியைச் சுருக்கும் ஊசி. சிரைச் சுவரைப் புண்ணாக்கி மூட வைக்கும் 3% சோடியம் டெட்ராடெசில் சல்ஃபேட் 1 பங்கு, காற்று 4 பங்கு. மூவழி வால்வு வழியாக இரண்டு சிரிஞ்சுக்கிடையே தள்ளி நுரையாக்கி, அல்ட்ராசவுண்ட் பார்த்துச் செலுத்தினார்கள். முதலில் வீக்கம் கூடத்தான் செய்யும், பிறகு வற்றும், இங்கேயும் அப்படியே. குடல் பகுதியைத் தொடவில்லை, இரும்புச்சத்து ஏற்றிக் கண்காணிப்பு மட்டும். ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரையை மாற்றச் சொன்ன பதிலும் சரிதான், அது உறைவு அபாயத்தைக் கூட்டும்.