புதுப்பிப்பு: 45 நிமிடக் கயிற்றுப் புதிர், விடை கிடைத்தது

யோசனை சொன்னவர்களுக்கு நன்றி. கேள்வி இதுதான்: சீரில்லாமல் எரியும் இரண்டு கயிறுகள், ஒவ்வொன்றும் எரிந்து முடிய 1 மணி நேரம். 45 நிமிடத்தை அளப்பது எப்படி?

மடித்துப் பாதியாக்குவது உதவாது. பாதி நீளம் பாதி நேரமல்ல. ‘இருமுனையிலும் கொளுத்துங்கள்’ என்றவர்தான் முடிச்சை அவிழ்த்தார். முதல் கயிற்றை இருமுனையிலும், இரண்டாவதை ஒரு முனையிலும் ஒரே நேரத்தில் பற்றவைக்க வேண்டும். முதலாவது 30 நிமிடத்தில் சாம்பல். அந்தக் கணமே இரண்டாவதன் மறுமுனையையும் கொளுத்தினால் மீதி 15 நிமிடத்தில் எரிந்து முடியும்; மொத்தம் 45.

சும்மா இருப்பேனா? மயிலாப்பூர் மொட்டைமாடியில், 40 நிமிட ஊதுபத்திகளை டம்ளர் விளிம்பில் கிடத்திச் சோதித்தேன். இதே முறையில் 30 நிமிடம் (20 + 10) வரவேண்டியது 26-இல் முடிந்தது. கடற்காற்று! வீட்டுக்குள் மின்விசிறியை நிறுத்திச் செய்தபோது கணக்கு ஏறக்குறைய சரி; அம்மாவுக்குத்தான் ஓயாத தும்மல். நீங்களும் செய்து பார்ப்பதானால், ஊதுபத்தியின் மருந்தில்லாத மூங்கில் முனையை முன்பே ஒடித்துவிடுங்கள்; அப்போதுதான் இருமுனையிலும் கொளுத்த முடியும்.